கீழவைப்பார் காளவாயும் பதினேழரை நிமிடமும்

லூர்து மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை இருந்தது. போனில் மேடத்தின் தங்கை மகள் ரெஜினா. "பெரியம்மா காலையில போயிட்டாங்க மாமா. சாயங்காலம் நாலு மணிக்கு மணப்பாட்டுல அடக்கம்" என்றாள். அழவில்லை, செய்தியை மட்டும் சொன்னாள். பெரியம்மாவிடம் வளர்ந்தவள், அப்படித்தான் சொல்வாள்.

சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதியையும் எடுத்திரட்டுமா அண்ணாச்சி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எடுக்கத்தானே வேண்டும், அரை முகத்தோடு அடக்கத்துக்குப் போக முடியுமா? அவர் முடிக்கும்வரை கண்ணாடியில் என் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேடத்தின் பழைய மாணவிகளும் உடன் வேலை பார்த்தவர்களும் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம் போதும் என்றார்கள். எனக்குப் போதாது. என் பெயர் பால்துரை. துறைமுக சர்வே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலுக்கடியில் ஆழம் பார்ப்பது, வரைபடம் போடுவது, திசை குறிப்பது, இதுதான் என் பிழைப்பு. ஆபீஸில் என்னை 'வடக்கு அண்ணாச்சி' என்பார்கள். எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் வடக்கைச் சரியாகக் காட்டுவேன் என்று ஒரு பேச்சு. கிண்டலாகத்தான் வைத்தார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

மேடத்தை நான் முதலில் பார்த்ததும் அந்த ஆபீஸில்தான். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் வந்து நின்றார். பழைய துறைமுக வரைபடங்களில் திசை வட்டம் ஒன்று போட்டிருக்கும். அந்த வட்டத்துக்குள், அந்த ஆண்டில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். எங்களிடம் இருக்கும் எல்லா வரைபடங்களிலிருந்தும் அந்த எண் மட்டும் வேண்டும் என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மேலிடத்தில் அனுமதி வாங்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, அதே கிழமை, அதே நேரத்துக்கு வந்து நின்றார். நான் ஒரு தாளையும் நகர்த்தியிருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "அப்ப இன்னைக்கு எழுதிக் குடுப்போம், இன்னொரு மாசம் கழிச்சு வாரேன்" என்று அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று சாயங்காலமே அலமாரியைத் திறந்தேன்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் முதல் நாளிலிருந்தே என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். வயதைச் சொல்லி ஆட்சேபித்துப் பார்த்தேன். "நீங்க மேடம்னு சொல்றத விடுங்க, நானும் விடுதேன்" என்றார். இரண்டு பேருமே கடைசிவரை விடவில்லை.

இவ்வளவு எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். பூமியின் காந்தம் நிலையாக நிற்பதில்லை, ஊசி காட்டும் வடக்கு காலத்துக்குக் காலம் கிழக்கும் மேற்குமாக அசைகிறது, அதன் பலமும் கூடிக் குறைகிறது என்றார். இது சர்வேக்காரனுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அவருக்கு வேண்டியது மூவாயிரம் ஆண்டுக் கதை. "தாளு சில நூறு வருசத்தோட நின்னுடுது அண்ணாச்சி. அதுக்கு முந்தி எழுதி வச்சது மண்ணுதான்" என்றார். செங்கல்லிலும் பானையிலும் சூளைச் சுவரிலும் இரும்புத் துகள் கலந்திருக்கிறது. மண் சிவக்கச் சுடும்போது அதன் பழைய காந்தம் போய்விடும். ஆறும்போது அந்த நேரத்துக் காந்தத்தின் திசையையும் பலத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். "சுட்ட மண்ணு ஆறையில, வடக்கு எங்கன இருக்குன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கிடும். மறுபடி சுட்டாத்தான் மறக்கும்" என்று அவர் சொன்னதை நான் அன்றைக்கே டைரியில் எழுதிவைத்தேன்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வடக்கே போகப் போக காந்த ஊசி தலையைக் கீழே சாய்க்கும். தூத்துக்குடிப் பக்கம் அது ஏறக்குறைய மட்டமாகப் படுத்துக் கிடக்கும். காந்தத்தின் நடுக்கோடு இந்தக் கரை வழியாகத்தான் போகிறது. அந்தக் கோடும் ஒரே இடத்தில் நின்றதில்லை. எப்போது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இந்தக் கரையின் சுட்ட மண்ணைக் கேட்டால் தெரியும், ஆனால் யாரும் கேட்டதில்லை என்பது மேடத்தின் வருத்தம். எங்கெங்கோ உள்ள ஊர்களுக்கெல்லாம், எந்தக் காலத்தில் காந்தம் எப்படி இருந்தது என்று தாளில் ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள், நம் கரைக்கு மட்டும் இல்லை என்பார். அதை வரைந்து முடிப்பதைத்தான் தன் வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். கல்யாணம், பதவி உயர்வு, வெளிநாட்டு வேலை என்று பலரும் பலதைச் சொல்லிப் பார்த்தார்கள். "இந்தக் கோடு முடியட்டும்" என்பதே எல்லாவற்றுக்கும் பதில்.

அடுத்த இருபது ஆண்டு, லீவு நாளெல்லாம் அவரோடு போனேன். என் வீட்டம்மா முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு மேடம் வீட்டுக்கு வந்து அவள் வைத்த சாளைக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் சமாதானமாகிவிட்டாள். களத்தில் வேலை இதுதான். சூளைச் சுவர் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அதன்மேல் கைப்பிடி அளவு பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, மட்டம் பார்த்துத் தட்டையாக்கி, காய்ந்ததும் ஓர் ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் விழும் கோட்டைப் பென்சிலால் கீற வேண்டும். கீறிய நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்த நேரத்தில் சூரியன் எந்தத் திசையில் இருந்தது என்று மேடம் கணக்குப் போட்டு வைத்த அட்டவணை சொல்லும். அதிலிருந்து வடக்கு கிடைக்கும். பிறகுதான் துண்டை வெட்டி எடுக்கலாம்.

திசைகாட்டி இருக்கும்போது சூரியன் எதற்கு என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கடப்பாரை கிடந்தாலும் திசைகாட்டி பொய் சொல்லும், சூரியன் சொல்லாது என்பார். ஆனால் சூரியனுக்கு நம் கடிகார நேரம் தெரியாது. நாம் வைத்திருப்பது நாடு முழுவதற்குமான நேரம். தூத்துக்குடிக்கு உரிய நேரம் அதைவிடப் பதினேழரை நிமிடம் பின்னால் இருக்கிறது. மேடத்தின் அட்டவணை தூத்துக்குடி நேரத்தில் போட்டது. அதற்கென்றே ஒரு வாட்ச் வைத்திருந்தார். சாவி கொடுக்கிற பழைய வாட்ச், அவருடைய அப்பாவினுடையது. அந்த அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். வாட்சை மேடம் பதினேழரை நிமிடம் பின்னுக்கு வைத்து என்னிடம் கொடுத்திருந்தார். நாங்கள் அதைச் 'சூரிய வாட்ச்' என்போம். என்னுடையது 'துறைமுக வாட்ச்'. களத்தில் இறங்கினால் துறைமுக வாட்சைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

அவருடைய இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே நான் சொல்லப்போவது புரியாது. காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் கிணறு தோண்டியபோது பழைய அடுப்புக் கற்கள் கிடைத்தன என்று கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்காரர் வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர். கற்களை வெளியே எடுத்து வரிசையாகக் கழுவி அடுக்கி வைத்திருந்தார். திசை போய்விட்டது, பலத்தை மட்டும் பார்க்கலாம் என்றார் மேடம். வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் கல் இப்படித்தான் கிழக்கே பார்த்து இருந்திருக்கும் என்று திருப்பித் திருப்பி வைத்துக் காட்டினார். மேடம் பேனாவை மூடிக்கொண்டு, அந்த ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "பாத்தியளா காக்கா, நினைக்கியளா?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, தோண்டும்போது தான் தொழுகைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். "பாத்தவங்க சொன்னா எழுதிக்கிடுவேன். நினைக்கிறவங்க சொன்னா டீ குடிச்சிட்டுப் போவேன்" என்று சிரித்தார் மேடம். அப்படியே டீயைக் குடித்துவிட்டு வந்தோம். வீட்டுக்காரர் வாசல்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

இனி கீழவைப்பார்.

ஒரு தை மாதம், உப்பளத்தில் கிணறு வெட்டும்போது ஓர் ஆள் ஆழத்தில் சிவந்த வட்டச் சுவர் தெரிகிறது என்று தகவல் வந்தது. ஓடினோம். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளை, காளவாய் என்பார்கள். சுவர் நின்ற இடத்திலேயே அப்படியே நின்றது, அடியில் கரியும் பாதி வெந்த சிப்பியும் கிடந்தன. பின்னால் கரியைச் சோதித்ததில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு என்று வந்தது. மேடத்தின் கோட்டில் ஓட்டையாகக் கிடந்த இடம் அதுதான். உப்பளக்காரர் இரண்டு நாள் தந்தார். மூன்றாம் நாள் கிணற்று வேலை நடக்க வேண்டும், சுவர் போய்விடும். மணல் சரியாமலிருக்கக் குழியின் நாலு பக்கமும் இரும்புத் தகடு இறக்கியிருந்தார்கள். ஆகவே திசைகாட்டி உதவாது, சூரியன்தான் கதி.

முதல் நாள் சாயங்காலம் எனக்கு டூட்டி. சூரிய வாட்சை மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவர் தனியாக இரண்டு துண்டு எடுத்தார். இரண்டாம் நாள் காலையில் வாட்சைத் திரும்பத் தந்தார். அன்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு கப்பல் வருவதற்குமுன் தளத்தில் ஆழம் பார்த்தாக வேண்டும், பன்னிரண்டுக்குள் கிளம்பு என்று ஆபீஸிலிருந்து இரண்டு முறை போன். நேரம் தவறக் கூடாதென்று துறைமுக வாட்சைக் கையிலேயே விட்டுவைத்தேன். சூரிய வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேடம் குழிக்குள் முழங்கால் போட்டு, சுவரைச் சுரண்டிப் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிழலைக் கீறுவதும் நேரத்தை எழுதுவதும் என் வேலை. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் பன்னிரண்டு துண்டு. பன்னிரண்டுக்கும் கையைத் திருப்பி மணி பார்த்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகத் திரும்புகிறது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றேன். கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது சூரிய வாட்ச் கூடவே வந்தது. அதில் பதினொன்று நாற்பது. கையில் பதினொன்று ஐம்பத்தேழரை. கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

காலை ஏழு மணி என்றால் பெரிய விஷயமில்லை. அந்நேரம் நிழல் மெதுவாகத்தான் திரும்பும். பத்து மணிக்கு அது ஓடும். பதினேழரை நிமிடத்துக்கு நாலரை பாகை. ஆயிரம் ஆண்டுக் கோட்டில் நாலரை பாகை என்பது தலைகீழ் மாற்றம். இதெல்லாம் எனக்கு அந்த பெஞ்சிலேயே தெரியும். போன் இருந்தது. திரும்பிப் போக அரைமணி நேரம், குழி சாயங்காலம்வரை திறந்துதான் இருந்தது. போகாவிட்டாலும், "மேடம், வாட்ச் மாறிப்போச்சு, கழிச்சுக்கிடுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. கப்பல் காத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கப்பலாவது மண்ணாங்கட்டியாவது. வடக்கு அண்ணாச்சி வடக்கைத் தப்பாகக் குறித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாளைக்குச் சொல்வோம் என்று கிளம்பினேன். அந்த நாளை வரவே இல்லை.

துண்டுகளை மேடம் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். முடிவு வந்த அன்று பெரிய மக்ரூன் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். தாளை விரித்து, "இங்கன பாருங்க அண்ணாச்சி, கோடு எப்படி வளையுதுன்னு. யாரும் எதிர்பார்க்காத வளைவு" என்று விரலால் தடவிக் காட்டினார். அவர் தனியாக எடுத்த இரண்டு துண்டு மட்டும் ஒத்துவரவில்லையாம். பன்னிரண்டு ஒரே பக்கம் சொல்லும்போது இரண்டை எப்படி நம்புவது, மண் அசைந்திருக்கும் என்று ஒதுக்கிவிட்டார். என் வீட்டம்மா மக்ரூனைத் தட்டில் வைத்துத் தந்தாள். நான் சாப்பிட்டேன். அது தொண்டையில் சிக்காமல் இறங்கியதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அந்த வளைவை ஒரு பெரிய கூட்டத்தில் வாசித்தார். பலர் கேட்டு வாங்கினார்கள். முதல் முறையாக அவர் பெயர் நாலு இடத்தில் அடிபட்டது. இரண்டு வருடம் கழித்து வேம்பாருக்கு வடக்கே இன்னொரு காளவாய் கிடைத்தது, அதே காலம். சிதைந்துபோய் மூன்று துண்டுதான் தேறியது. அந்த மூன்றும், ஒதுக்கி வைத்த அந்த இரண்டு துண்டு சொன்னதையே சொல்லின. பன்னிரண்டிலிருந்து நாலரை பாகை தள்ளி.

கல்லூரி ஆய்வறையில் வைத்து மேடம் என்னிடம் கேட்டார். மின்விசிறி ஓடியது, மேசையில் என் கையெழுத்திலான நேரப் பட்டியல் கிடந்தது. வேறு யாரும் இல்லை. சத்தமில்லாமல்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, கீழவைப்பார்ல ரெண்டாம் நாளு எந்த வாட்ச்ல பாத்திய?"

"சூரிய வாட்ச்லதான் மேடம்" என்றேன்.

பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். பட்டியலை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

நாலரை பாகைக்கும் பதினேழரை நிமிடத்துக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியாதா? அந்த அட்டவணையைப் போட்டதே அவர்தானே. வேறொருவராக இருந்தால் தானே திருத்திக்கொண்டு மேலே போயிருப்பார். பன்னிரண்டு துண்டும் பிழைத்திருக்கும். மேடத்தால் முடியாது. பார்த்தவன் நான், நான் ஒன்றைச் சொல்லிவிட்டேன். தான் நினைப்பதை வைத்துத் திருத்த அவருடைய சட்டம் இடம் கொடுக்காது. அடுத்த மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கீழவைப்பாரில் வடதிசை குறித்ததில் தம் பக்கம் பிழை நேர்ந்திருப்பதாகவும், அந்த முடிவு முழுவதையும் திரும்பப் பெறுவதாகவும் நாலு வரி. அதில் என் பெயர் இல்லை. கோட்டில் மறுபடி ஓட்டை விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு கருத்தரங்கில் தேநீர் வேளையில் ஒருவர், மேடம் காதில் விழும்படியே, வடக்கு எதுவென்று தெரியாதவர்கள் காந்தம் பார்க்க வந்துவிட்டார்கள் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மேடம் டீயைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவும் இடத்தில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. டீதான் இருந்தது.

என்னைச் சேர்க்காமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, ஒரு செங்கல் சூளைக்குப் போகணும், வாங்க என்று போன் வந்தது. நேரம் பார்க்கும் வேலையையும் என்னிடமே தந்தார். நானாகவே ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிச் சூரிய வாட்சைக் காட்டத் தொடங்கினேன். மூன்று நாலு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, "காட்ட வேண்டாம் அண்ணாச்சி, எழுதுங்க" என்றார். அதன்பின் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால், மணப்பாட்டில், ரெஜினா வீட்டில். சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். மெலிந்துபோயிருந்தார், பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. என் வீட்டம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். சாளைக்குழம்பு கொண்டுவரவில்லையா என்றார். பிறகு, நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, அவரே ஆரம்பித்தார்.

"கீழவைப்பார்த் துண்டு பன்னெண்டையும் தூக்கிப் போடல அண்ணாச்சி. ஆய்வறையில தட்டுலதான் இருக்கு. நோட்டுல வாட்சுக்குன்னு ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாத்தான் விட்டிருக்கேன்."

இதைவிட எப்படி ஒரு மனுசி கதவைத் திறந்துவிடுவாள்? நான் "சரி மேடம்" என்றேன். மறுபடியும் அதே கோழைத்தனம். ரெஜினா காப்பி கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த ஞாயிறு பேரனுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்ததும் பலர் பேசினார்கள். கல்லூரியிலிருந்து வந்தவர், கீழவைப்பார் அறிவிப்பைத்தான் எடுத்துச் சொன்னார். தன் தவறைத் தானே ஊருக்குச் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும், அதுவே மேடத்தின் பெருமை என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். நான் மூன்றாம் வரிசையில், புதிதாக மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். செய்யாத தவறுக்காகவா இவரை இப்படிப் புகழ்கிறோம், செத்த பிறகும் என் பாரத்தை இவர்தான் சுமக்க வேண்டுமா என்று மனம் குமைந்தது. அன்று இரவு ஊர் திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தேன், சொல்வதானால் எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் சொல்வது என்று.

ஆகவே, மேடத்தின் களநோட்டு இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எழுதுகிறேன். கீழவைப்பார் காளவாய், இரண்டாம் நாள், துண்டு மூன்று முதல் பதினான்கு வரை. நிழல் கீறியதும் நேரம் பார்த்ததும் பால்துரை. பார்த்தது துறைமுக வாட்ச். ஒவ்வொரு நேரத்திலும் பதினேழரை நிமிடம் கழித்துக் கணக்கிடவும். வடக்கைத் தவறாகக் குறித்தவன் நான், லூர்து மேடம் அல்ல. காலியாக இருக்கும் கட்டத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள். நினைத்துச் சொல்லவில்லை, பார்த்தவன் சொல்கிறேன். கணக்கை மறுபடி போட ஒரு மணி நேரம் ஆகாது. பன்னிரண்டும் அந்த இரண்டோடு வந்து சேர்ந்துகொள்ளும். கோட்டில் அந்த ஓட்டை அடைபடும். யாரும் எதிர்பார்க்காத வளைவு எதுவும் அங்கே இருக்காது. அதில் மேடத்துக்கு வருத்தம் இருந்திருக்காது, உள்ளது எதுவோ அதுதான் அவருக்கு வேண்டும்.

சூரிய வாட்சை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டேன். அது அவளுடைய தாத்தாவின் சொத்து, பதினேழரை நிமிடம் பின்னால் ஓடுவதை மாற்றிவிடாதே என்று மட்டும் சொன்னேன். மேடத்தின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். வேண்டாம் என்றேன். என்னிடம் ஒன்று இருக்கிறது. துறைமுக வாட்ச். மேடம் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இதை எழுதும்போதும் கையில் இருக்கிறது. அன்று நான் பார்த்தது இதில்தான் மேடம்.